சட்டக் கல்விக்கு ஆங்கிலச் சொல்வளம்தான் சாவியா?

பிளஸ் 2 முடிக்கும் ஒரு மாணவர் மருத்துவராக விரும்பினால் நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். பொறியாளராக விரும்பினால் ஜேஇஇ முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டம் படிக்க 2022-இல் அறிமுகமான பொது நுழைவுத் தேர்வும் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடைபெறுகிறது. இத்தேர்வுகள் தேவைதானா என்பது வேறு விவாதம். ஆனால், வினாத்தாளைத் தன் மொழியில் படிக்கும் உரிமையாவது அந்த மாணவருக்கு இருக்கிறது.

அதே மாணவர் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர விரும்பினால் நிலைமை வேறு. அதற்கான 'கிளாட்' நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருந்தும், அந்த அரசியல் சட்டத்தைக் கற்பிக்கும் கல்விக்கூடத்தின் வாயிலில் அவற்றுள் ஒன்றுக்குக்கூட இடமில்லை.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே தேர்வு நடத்தி மாணவர்களை அலைக்கழித்ததை எதிர்த்து 2006-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கின் விளைவாக 2008-இல் வந்ததுதான் கிளாட். தொடக்க காலத்தில் அதன் ஆங்கிலப் பகுதி அரிய சொற்களுக்குப் பொருளும் எதிர்ச்சொல்லும் கேட்டது. அதற்கேற்பப் பயிற்சி மையங்கள் ஆயிரக்கணக்கான சொற்களின் பட்டியலை மாணவர்கள் கையில் திணித்தன. நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' தில்லி நடைபாதைக் கடைகளில் இன்றும் விற்பனையாவதற்கு இத்தகைய தேர்வுகளே முக்கியக் காரணம்.

இந்த முறையின் குறையை உணர்ந்த தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, 2020 தேர்விலிருந்து வினாக்களின் அமைப்பை மாற்றியது. தனிச் சொற்களைக் கேட்பதற்குப் பதிலாக, சுமார் 450 சொற்கள் கொண்ட உரைப்பகுதியைக் கொடுத்து அதிலிருந்து வினாக்கள் கேட்கப்படுகின்றன. அமெரிக்காவின் சாட் தேர்வும் இதே வழியில்தான் சென்றது. 1994-இல் எதிர்ச்சொல் வினாக்களையும், 2005-இல் சொல் ஒப்புமை வினாக்களையும் கைவிட்ட அத்தேர்வு, 2016-இல் அரிய சொற்களைச் சோதிப்பதையே நிறுத்தி, சூழலில் சொல்லின் பொருளை உணரும் திறனுக்கு மாறியது. அகராதியை மனப்பாடம் செய்வது அறிவாகாது என்பதை இரு நாடுகளும் ஒப்புக்கொண்டுவிட்டன.

இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால், கிளாட் விஷயத்தில் இம்மாற்றம் எதிர்பாராத விளைவையும் ஏற்படுத்தியது. முன்பு ஐந்து பகுதிகளில் ஒன்று மட்டுமே ஆங்கிலச் சொல்வளத்தைச் சோதித்தது. இப்போது பொது அறிவு, சட்டத் தர்க்கம், பகுத்தறியும் திறன், கணிதம் என எல்லாப் பகுதிகளும் ஆங்கில உரைப்பகுதிகளாகவே வருகின்றன. 120 நிமிடங்களில் 120 வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். கணக்குத் தெரிந்தும், நாட்டு நடப்பு தெரிந்தும், உரைப்பகுதியில் ஒரு சொல் புரியாததால் தடுமாறும் மாணவர் அங்கே அறிவில் தோற்கவில்லை, வேகத்தில் தோற்கிறார். ஐந்தில் ஒரு பங்காக இருந்த ஆங்கிலம் இன்று ஐந்துக்கும் காவலாளியாகிவிட்டது.

சொல்வளம் எப்படி வளர்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதிலுள்ள அநீதி புரியும். 'பெனி' என்ற லத்தீன் வேர் நன்மையைக் குறிக்கும் என்று அறிந்தவருக்கு 'பெனிஃபிட்', 'பெனிஃபாக்டர்', 'பெனவலன்ட்' ஆகியவை ஒரே குடும்பத்துச் சொற்கள். வேர்களை ஓராண்டில் கற்பித்துவிடலாம். ஆனால், ஒரு சொல்லை வெவ்வேறு வாக்கியங்களில் பல முறை சந்தித்தால்தான் அது மனதில் தங்கும். அதற்கு ஆண்டுக்கணக்கான வாசிப்பு வேண்டும். வீட்டில் ஆங்கில நாளிதழ், பள்ளியில் நூலகம், பேசிப் பழக உடன் ஆள் என எல்லாம் வாய்த்த பிள்ளைக்கு இது தானாகவே நடக்கிறது. மற்றவர்கள் பதினேழு வயதில் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. தேர்வு விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய் என்னும்போது, பயிற்சிக் கட்டணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சட்டக் கல்வியில் எளியோருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்க நேர்ந்ததே இந்த நிலைக்குச் சான்று.

உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் வழக்காடு மொழி ஆங்கிலம்தானே, ஆங்கிலம் அறியாதவர் எப்படி வழக்கறிஞராவார் என்ற கேள்வி எழலாம். அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கோரி 2006-இல் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானமும் இன்றுவரை பலன் தரவில்லை. எனவே, சட்டம் படிப்பவருக்கு ஆங்கிலம் தேவை என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

ஆனால், அதை எப்போது கற்றிருக்க வேண்டும் என்பதே கேள்வி. 'கன்சிடரேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வழக்கில் பரிசீலனை என்று பொருள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு மறுபயன் என்று பொருள். ஆங்கில வழியில் படித்த மாணவரும் இதை முதலாம் ஆண்டு வகுப்பில்தான் கற்கிறார். சட்டத்தின் சொற்களை எல்லோருக்கும் கற்பிக்கும் ஐந்தாண்டுப் படிப்பில், முதல் ஆறு மாதங்களில் மொழிப் பயிற்சிக்கும் இடம் ஒதுக்க முடியாதா? பெரும்பாலான மக்கள் நீதி தேடிச் செல்வது கீழமை நீதிமன்றங்களுக்கே. அங்கே கட்சிக்காரரின் குறையைக் கேட்கவும் சாட்சியை விசாரிக்கவும் மாநில மொழிதான் வேண்டும். உச்ச நீதிமன்றமே 2019 முதல் தன் தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டு வருகிறது.

தமிழகத்துக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடக்கிறது. ஆனால், 2012-இல் தமிழகச் சட்டப்பேரவை இயற்றிய சட்டத்தால் திருச்சியில் உருவான தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் எழுதியாக வேண்டும். மாநில அரசு உருவாக்கிய ஒரு கல்விக்கூடத்தில் நுழைய அந்த மாநிலத்தின் மொழி பயன்படவில்லை.

கிளாட் தேர்வைப் பிற மொழிகளிலும் நடத்தக் கோரி 2023-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. இந்திய பார் கவுன்சில் அக்கோரிக்கையை ஆதரித்தது. கூட்டமைப்போ நிபுணர் குழு அமைத்திருப்பதாகவும், உடனடியாக நடத்துவதில் நடைமுறைச் சிக்கல்கள் இருப்பதாகவும் கூறியது. 13 மொழிகளில் பல லட்சம் பேருக்கு நீட் நடத்த முடிகிற நாட்டில், அதைவிட மிகக் குறைவானோர் எழுதும் ஒரு தேர்வுக்கு இது தீராத சிக்கலாக இருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. குடிமைப் பணித் தேர்வின் ஆங்கிலப் பகுதியை எதிர்த்து 2014-இல் தில்லி முகர்ஜி நகரில் ஹிந்தி வழி மாணவர்கள் போராடியபோது நாடாளுமன்றமே அமளியில் ஆழ்ந்தது. ஆங்கிலப் பகுதியின் மதிப்பெண்கள் தரவரிசைக்குக் கணக்கிடப்படாது என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனால், வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே தொடர்ந்தது. தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வேண்டும் என்ற தென்மாநில உறுப்பினர்களின் குரல் எடுபடவில்லை. ஆங்கிலத்தின் ஆதிக்கம் குறையும் இடத்தில் ஹிந்தி மட்டும் அமர்வது நீதியாகாது. கிளாட்டில் மாற்றம் வருமானால் அது எல்லா அட்டவணை மொழிகளுக்குமான மாற்றமாக இருக்க வேண்டும். முகர்ஜி நகர் போராட்டத்தின்போது, எஃகு ஆலையைக் குறிக்கும் சொல் ஹிந்தி வினாத்தாளில் செடியாக மொழிபெயர்க்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. அத்தகைய மொழிபெயர்ப்பு மாணவருக்கு இன்னொரு சுமையாகவே முடியும்.

அதுவரை மாநில அரசுகளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பிலிருந்தே வாரத்துக்கு இரண்டு பாடவேளை நூலக வாசிப்புக்கு ஒதுக்கி, ஆங்கில நாளிதழும் எளிய நூல்களும் கொடுத்தால், பயிற்சி மையங்கள் விலைக்கு விற்பது இலவசமாகவே கிடைத்துவிடும். ஆங்கிலத்தைக் கற்பது வேறு. ஆங்கிலம் அறியாததற்காக வெளியே நிறுத்தப்படுவது வேறு. முதலாவதைப் பள்ளியும் கல்லூரியும் செய்யட்டும். இரண்டாவதற்கு முற்றுப்புள்ளி வைக்கக் கூட்டமைப்பும் மத்திய சட்ட அமைச்சகமும் முன்வர வேண்டும். அதை வலியுறுத்தும் பொறுப்பு, கட்சி வேறுபாடின்றித் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இருக்கிறது.