பேத்தி எழுதியது சரி, திருத்தியதுதான் தப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் அறிவியல் விடைத்தாளோடு வந்தாள். "அலோகங்கள் மின்சாரத்தைக் கடத்தா. சரியா, தவறா?" என்று ஒரு கேள்வி. "தவறு. கிராஃபைட் கடத்தும்" என்று எழுதியிருக்கிறாள். அதற்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. "கேட்டேன் பாட்டி, கைடுல சரின்னுதான் போட்டிருக்காம்" என்றாள்.

அவள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. கிராஃபைட் என்பது கார்பன். கார்பன் ஓர் அலோகம். பென்சிலுக்குள் களிமண்ணோடு கலந்திருப்பது அதுதான். நாம் 'லெட்' என்று சொன்னாலும் அதில் காரீயம் கிடையாது. பென்சிலை இரண்டு பக்கமும் சீவி, இரண்டு டார்ச் செல்லோடும் ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி.யோடும் இணைத்துப் பாருங்கள், எரியும். சின்ன வயதில் பழைய செல்லை உடைத்துக் கரிக்குச்சி எடுத்து விளையாடினீர்களே, மின்சாரம் செல்லை விட்டு வெளியே வருவதே அந்தக் குச்சி வழியாகத்தான்!

நாம் எப்படி நடத்துகிறோம்? கரும்பலகை நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் உலோகம்: பளபளக்கும், கடினம், திண்மம். அந்தப் பக்கம் அலோகம்: மங்கல், மென்மை, கடத்தாது. ஐந்து வேறுபாடு, ஐந்து மதிப்பெண்.

சோடியம் உலோகம்தான், கத்தியால் வெட்டலாம், தண்ணீரில் மிதக்கும். பாதரசம் உலோகம்தான், ஆனால் திரவம். காலியம் 30 டிகிரியில் உள்ளங்கையிலேயே உருகிவிடும். அயோடின் அலோகம், பளபளக்கிறது. வைரமும் அலோகம், இரும்பையே கீறும்.

தனிம அட்டவணையில் 14ஆம் தொகுதியைப் பாருங்கள். மேலே கார்பன், பிறகு சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். இறங்க இறங்க, எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் குணம் கூடுகிறது. உலோகத்தன்மை என்பது அதுதான். அது படிப்படியாக வருவது, நடுவில் சுவர் கிடையாது. நம் வீட்டு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். 13 டிகிரிக்குக் கீழே கடுங்குளிரில் நெடுநாள் கிடந்தால் அதுவே உலோகக் குணம் போய்ச் சாம்பல் நிறப் பொடியாகலாம். நம் ஊர் வெயிலில் ரசத்துக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

"சின்னப் பிள்ளைகளுக்கு எளிமையாகத்தானே சொல்ல வேண்டும்?" என்பீர்கள். சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? "பெரும்பாலும்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சேர்க்காமல் விட்டது நம் சோம்பல். அதற்குப் பிள்ளையின் மதிப்பெண்ணையா வெட்டுவது?

மெண்டெலீவ் 1869இல் அட்டவணை போட்டபோது, தெரியாத தனிமங்களுக்குக் கட்டங்களைக் காலியாக விட்டார். அதில் ஒன்றில்தான் 1886இல் ஜெர்மானியம் வந்து உட்கார்ந்தது. அவர் தெரியாததற்கு இடம் விட்டார். நாம் தெரிந்து எழுதிய பிள்ளைக்குக்கூட இடம் விடுவதில்லை.

இதைச் சொல்லும் நான் மட்டும் யோக்கியமா? 1990களில் என் வகுப்பில் ஒரு பையன் பென்சிலைக் காட்டி, "டீச்சர், இதுல பல்பு எரியுது" என்றான். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். அதன் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதேயில்லை. தம்பி, இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. அன்று நீ சொன்னது சரி. டீச்சரை மன்னித்துவிடு.

என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருப்பவர்களே, கைடுக்கு மாறான பதிலைப் பார்த்தால் சிவப்புப் பேனாவை ஒரு நிமிடம் கீழே வையுங்கள். பெற்றோர்களே, மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் பிள்ளை என்ன எழுதியது என்று படியுங்கள்.

பேத்திக்கு அந்த ஒரு மதிப்பெண்ணை நான் போட்டுவிட்டேன், பச்சை மையில்.