‘சர்வர் டவுன்’ என்றால் என்ன பொருள்?

சற்று நீண்ட பதிவு. பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தை நம்பி ஆய்வு செய்வோரும், அத்தகைய ஆய்வகங்களை நடத்தும் பொறுப்பில் உள்ள ஆசிரியர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

இந்தியாவில் எந்த மாநிலத்துக்குச் சென்றாலும் மொழிபெயர்ப்பு வேண்டாத தொடர்கள் சில உண்டு. ‘சர்வர் டவுன்’ அவற்றுள் ஒன்று. வங்கி, ரேஷன் கடை, பத்திரப் பதிவு அலுவலகம், தேர்வுக் கட்டணம் செலுத்தும் சாளரம் என எங்கும் அது ஒலிக்கிறது. இந்தியில் அதன் பின்னால் ‘ஹை’ சேரும். தமிழில் ‘ஆயிடுச்சு’ சேரும். மற்றபடி தொடர் மாறுவதில்லை. வடிவத்தில் அது ஒரு செய்தி வாக்கியம். பயன்பாட்டிலோ உரையாடலை முடித்துவைக்கும் செயல். அதைக் கேட்டபின் ‘எந்த சர்வர்?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘உங்களுக்கு எப்படித் தெரிந்தது?’ என்றும் கேட்பதில்லை. வரிசை தானாகக் கலைந்துவிடுகிறது.

தின் கிளையன்ட் கொண்டு இயங்கும் ஆய்வகங்களில் இத்தொடர் பல நேரங்களில் உண்மையே அன்று. சர்வர் நன்றாகத்தான் இயங்கிக்கொண்டிருக்கும். அதனிடம் உள்ள அமைவுக் கோப்பு, மேசைமேல் இருக்கும் பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்காது, அவ்வளவே. எந்த இடத்தில் தடைபட்டது என்பதையும் அந்தப் பெட்டியே திரையில் எழுதிக் காட்டுகிறது. அந்த வரியைப் படிக்கும் பழக்கத்தையும் உரிமையையும் பயனாளர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதே உண்மையான கோளாறு என்பது என் கருத்து.

அறியாதோருக்காகச் சுருக்கமாக: தின் கிளையன்ட் என்பது தனக்கென வன்தட்டு இல்லாத, அல்லது பெயருக்கு ஒன்றை வைத்திருக்கும் சிறு கணினி. மின்சாரம் கொடுத்தவுடன் அது தனக்கு வேண்டிய இயங்குதளத்தையும் அமைவுக் கோப்பையும் வலைப்பின்னல் வழியாகச் சர்வரிடம் கேட்டுப் பெறுகிறது. ‘கிளையன்ட்’ என்பதை ‘வாடிக்கையாளர்’ என்று மொழிபெயர்ப்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாடிக்கையாளர் காசு கொடுத்து அதட்டிக் கேட்பவர். இந்தப் பெட்டியோ வெறுங்கையோடு புறப்படும் பாணனைப் போன்றது. தன் முகவரிகூட அதற்குத் தெரியாது.

உண்மையில் ஆற்றுப்படை படித்தவர்களுக்கு இதன் செயல்முறையை விளக்குவது எளிது. பெட்டி முதலில் ‘நான் யார், எங்கே செல்வது?’ என்று வலைப்பின்னல் முழுவதும் கேட்குமாறு கூவுகிறது. டிஹெச்சிபி என்னும் சேவை விடை சொல்கிறது: உன் ஐபி முகவரி இது, இன்ன சர்வரிடம் செல், இன்ன பெயருள்ள கோப்பைக் கேள். பின்னிரண்டு செய்திகளும் 66, 67 என்னும் எண்ணுள்ள விருப்பப் புலங்களில் வருவது வழக்கம். வழி காட்டுவதோடு இந்தச் சேவையின் வேலை முடிகிறது. கொடுக்கும் வள்ளல் வேறொருவர். அவர் பெயர் டிஎஃப்டிபி. 1981இல் வரையறுக்கப்பட்டு, 1992இல் ஆர்எஃப்சி 1350 என்னும் ஆவணமாகத் திருத்தப்பட்ட மிக எளிய நெறிமுறை அது. கடவுச்சொல் கேட்காது. ‘உன்னிடம் என்னென்ன உண்டு?’ என்று கேட்டால் பட்டியல் தராது. கோப்பின் பெயரைப் பிழையின்றிச் சொன்னால் 512 பைட் அளவுள்ள துண்டுகளாக எடுத்துக் கொடுக்கும்.

எனவே கோளாறு நேர்வதற்கான இடங்கள் எண்ணிவிடக்கூடியவை. முகவரியே வரவில்லையெனில் திரையில் பிஎக்ஸ்இ-இ51 என்னும் வரி தோன்றும். கேபிளையும் சுவிட்சையும் பார்க்க வேண்டிய நேரம் அது. சில சுவிட்சுகள் ஒரு துறையில் இணைப்பு ஏற்பட்டபின், சுழற்சி ஏதும் இல்லையென்று உறுதிசெய்துகொள்ள அரை நிமிடம்போல எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் பெட்டி கேட்டுச் சலித்து நிறுத்திவிடும். ‘காலையில் முதல்முறை வராது, இரண்டாம் முறை வரும்’ என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் நம்பிக்கைக்குப் பின்னால் இப்படியொரு காரணம் இருக்கலாம். முகவரி வந்து, கோப்பின் பெயர் வரவில்லையெனில் வரி இ53. விடுதி அறைக்காக வாங்கிய வைஃபை ரௌட்டரை யாரேனும் ஆய்வகத்துச் சுவர்த்துளையில் செருகியிருந்தாலும் இது நேரும்: அந்த ரௌட்டரும் ஆற்றுப்படுத்தக் கிளம்பிவிடும், முகவரி தரும், வள்ளல் யாரென்று அதற்குத் தெரியாது.

மூன்றாவது இடம்தான் நுட்பமானது. பெயர் தெரிந்து, கோப்பைக் கேட்டும் வரவில்லை. இங்கே திரையில் தோன்றக்கூடிய இரண்டு செய்திகளை ஒன்றாகக் கருதிவிடுகிறோம். ஒன்று, ‘கோப்பு இல்லை’ என்று சர்வர் சொல்லும் விடை. மற்றொன்று இ32, அதாவது காத்திருந்தும் விடையே வரவில்லை என்னும் அறிவிப்பு. நன்னூல் விடைகளை 8 வகையாகப் பகுக்கிறது. ‘இல்லை’ என மறுப்பதும் அவற்றுள் ஒருவகை விடையே. மௌனம் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. ‘கோப்பு இல்லை’ என்று விடை வந்தால் சர்வர் விழித்திருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது. பெயரிலோ கோப்புறையிலோ பிழை. லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘டிஃபால்ட்’ வேறு, சிறிய எழுத்தில் தொடங்கும் ‘டிஃபால்ட்’ வேறு. நம் எழுத்துமுறைகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே கிடையாது. ஆகவே இந்தப் பிழை நம் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. மாறாக மௌனம் என்றால் சேவை நின்றிருக்கலாம், அல்லது வழியில் யாரோ விடையைப் பிடித்துவைத்திருக்கலாம்.

நான் ஆய்வு செய்யும் வடமாநிலப் பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது இந்த மூன்றாவது வகை. கோடை விடுமுறையில் வளாக வலைப்பின்னலைத் துறைவாரியாகப் பிரித்து, இடையே புதிய தீயரண் வைத்தார்கள். விடுமுறை முடிந்து திறந்தபோது ஆய்வகத்தின் 40 பெட்டிகளும் எழவில்லை. கதவில் ‘சர்வர் டவுன்’ என்று தாள் ஒட்டப்பட்டது. 17 நாள் அது அங்கேயே இருந்தது. அந்த 17 நாளும் சர்வர் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை என்பதைப் பின்னர் அதன் பதிவேடு காட்டியது.

நடந்தது இதுதான். டிஎஃப்டிபிக்கான கோரிக்கை சர்வரின் 69ஆம் துறைக்குச் செல்லும். ஆனால் விடை அந்தத் துறையிலிருந்து வராது. சர்வர் அந்த உரையாடலுக்கென வேறொரு துறையைத் தற்காலிகமாகத் தேர்ந்துகொண்டு அதிலிருந்து அனுப்பும். 1981 முதலே வழக்கம் அதுதான். புதிய தீயரணுக்கு 69ஐ மட்டும் திறக்கச் சொல்லியிருந்தார்கள். முன்வாசல் வழியே கேட்டவனுக்குப் பக்கவாசல் வழியே கொடுத்தால் காவலன் என்ன செய்வான்? பிடுங்கி எறிந்தான். பெட்டிகள் கேட்டுக்கொண்டே இருந்தன. சர்வர் கொடுத்துக்கொண்டே இருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியராக இருக்கும் உதவியாளர். அவர் செய்த சோதனையை எந்த முதுகலை மாணவரும் செய்யலாம். ஒரு மடிக்கணினியைச் சர்வர் இருக்கும் அறையின் சுவிட்சிலேயே செருகி அந்தக் கோப்பைக் கேட்டார், உடனே வந்தது. அதே மடிக்கணினியை ஆய்வகத்துச் சுவர்த்துளையில் செருகிக் கேட்டார், வரவில்லை. பெட்டிகள்மீது குற்றமில்லை, சர்வர்மீதும் குற்றமில்லை, இடையில்தான் தடை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. சர்வரில் டிசிபிடம்ப் என்னும் கருவியை ஓடவிட்டபோது, கோரிக்கை உள்ளே வருவதும் விடை வெளியே போவதும் மறுபடி அதே கோரிக்கை வருவதும் வரிவரியாகத் தெரிந்தன. இது மூன்றாம் நாளே தெரிந்துவிட்ட செய்தி. தீயரணில் கைவைக்கும் அதிகாரம் வேறொரு பிரிவிடம் இருந்தது. ஒப்பந்த ஊழியரின் கடிதத்தை அந்தப் பிரிவு எடுத்துப் பார்க்க இன்னும் 14 நாள் ஆயிற்று. இதற்கிடையில் 40 பெட்டிகளையும் பழுதானவை எனக் கழித்துவிட்டுப் புதியவை வாங்கக் கோப்பு ஒன்று நகரத் தொடங்கியிருந்தது! தீயரணில் ஒரு விதி சேர்த்தார்கள், பெட்டிகள் எழுந்தன. புதியவை வாங்கியிருந்தாலும் அவையும் அதே வாசலில்தான் நின்றிருக்கும்.

இதில் இழப்பு யாருக்கு? சொந்த மடிக்கணினி உள்ளவர்களுக்கு இது ஒரு சலிப்பு, அவ்வளவே. நெட் அல்லாத உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் பெற்று, அதில் ஒரு பகுதியை வீட்டுக்கும் அனுப்பும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களின் களப்பணி ஒலிப்பதிவுகளும் பாதி எழுதிய இயல்களும் அந்தச் சர்வரில்தான் இருக்கின்றன. பெட்டி எழாவிட்டால் பிராட் திறக்காது. ஒலிப்பதிவைக் கேட்க முடியாது. பருவ முடிவில் ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டிய அறிக்கை நகராது. அந்தக் குழுவின் முன் ‘சர்வர் டவுன்’ என்று சொன்னால் ஒருவரும் ஏற்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அதிகாரம் உள்ளவர் சொன்னால் அது காரணம். மாணவர் சொன்னால் அது சாக்கு.

ஆகவே தின் கிளையன்டை ஒழித்துவிட்டு ஆளுக்கொரு முழுக் கணினி வாங்க வேண்டும் என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடில்லை. மின்செலவு குறைவு, ஒரே இடத்தில் திருத்தினால் எல்லா இருக்கைகளுக்கும் பொருந்துகிறது, பழைய கணினிகளையும் பயன்படுத்த முடிகிறது. ஜிம் மெக்குவிலன் 1999இல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் பணமில்லாத பள்ளிகளுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒன்றை மையத்தில் குவித்தால் அதன் தடுமாற்றமும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அப்படிக் குவிக்க முடிவெடுத்தவர்கள், அது எவ்வாறு இயங்குகிறது என்பதை எல்லோருக்கும் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர்கள்.

‘பாதுகாப்பு’ என்னும் மறுப்பு உடனே எழும். எங்கள் கூட்டத்திலும் எழுந்தது. சர்வரின் பெயரையும் கோப்பின் பெயரையும் வெளியில் சொன்னால் ஆபத்தாம். கடவுச்சொல்லே கேட்காத நெறிமுறையில் என்ன இரகசியம் இருக்க முடியும்? சுவர்த்துளையில் கேபிளைச் செருகும் எவருக்கும் டிஹெச்சிபி தானாகவே அந்தப் பெயர்களைச் சொல்லிவிடுகிறது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எல்டிஎஸ்பியின் பழைய பதிப்புகளில், பெட்டி தானாக உள்நுழைவதற்கான கடவுச்சொல்லை அமைவுக் கோப்பிலேயே எழுதிவைக்கும் வசதி இருந்தது. அப்படி எழுதியவர்களும் உண்டு. எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய கோப்பில் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, அந்தக் கோப்பின் பெயரை மறைப்பதில் பயனில்லை.

நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. ஆய்வகச் சுவரில் ஒரு பக்கம்: பெட்டி யாரிடம் முகவரி கேட்கிறது, யாரிடம் கோப்பு கேட்கிறது, கோப்பின் பெயர் என்ன, எந்த வரி தோன்றினால் எந்தப் பிரிவிடம் சொல்ல வேண்டும். அமைவுக் கோப்பைத் தேடும் வரிசையையும் அதில் எழுதலாம். பிஎக்ஸ்இலினக்ஸ் முதலில் அந்தப் பெட்டிக்கே உரிய அடையாள எண்ணில் ஒரு கோப்பைத் தேடும், பிறகு மேக் முகவரியின் பெயரில் தேடும். அதுவும் இல்லையெனில் ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணாக எழுதிப் பார்க்கும்: 192.168.1.20 என்றால் சி0ஏ80114. கிடைக்காவிட்டால் கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, சி0ஏ8011, சி0ஏ801 என்று குறுக்கிக்கொண்டே போய் இறுதியில் ‘டிஃபால்ட்’ என்னும் கோப்பில் வந்து நிற்கும். சிறப்புவிதி பொருந்தாதபோது பொதுவிதி என்று இலக்கண மாணவர்களுக்கு ஒரே வரியில் புரிந்துவிடும். தாய்ப்பலகை மாற்றிய பெட்டி மட்டும் ஏன் வேறு திரையைக் காட்டுகிறது என்பதும் அப்போது விளங்கும்: மேக் முகவரி மாறிவிட்டது, அதற்குரிய சிறப்புவிதி இனிப் பொருந்தாது.

கூடவே, சர்வரின் டிஎஃப்டிபி பதிவேட்டைப் படிக்க மட்டும் அனுமதி தரலாம். மாற்ற அல்ல, படிக்க மட்டும். ஆய்வகத்தில் அன்றாடம் இருப்பவரான அந்த உதவியாளரின் கடிதத்துக்கு 2 நாளில் விடை தர வேண்டும் என்றொரு விதியும் தேவை. மூன்றில் இதுவே கடினமானது என்று நினைக்கிறேன். ஏனெனில் இதற்குக் கணினி அறிவு எதுவும் வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டி எழாதபோது பெரும்பாலோர் கடைசியில் நிற்கும் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்னும் வரியைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள். அந்த வரியால் பயனில்லை. எந்தத் தடையாயினும் இறுதியில் அதுதான் வரும். மறுபடி இயக்கி, அதற்கு முன் சில நொடிகள் தோன்றி மறையும் ‘பிஎக்ஸ்இ’ எனத் தொடங்கும் வரியைக் காணொளியாகப் பிடியுங்கள். முகவரி வந்ததா என்பதும் அதில் தெரியும்.

சுவருக்கான பக்கத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஆய்வகக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன்; இன்னும் ஒட்டவில்லை. தமிழ் வடிவமும் ஆயத்தமாக இருக்கிறது. உங்கள் துறைக்குப் பயன்படுமெனில் கேளுங்கள், அனுப்புகிறேன். சர்வரின் பெயரையும் கோப்பின் பெயரையும் மட்டும் நீங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.