அவனும் நாமே



சென்னை கே.கே. நகரிலிருந்து அன்பர் ஒருவர் நான்கு பக்கங்களில் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால், 'அன்பர்' என்றே அவரைக் குறிப்பிடுவோம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் பங்கு ஆலயத்தில் வாசகம் வாசிப்பவர். தம் தெருவில் நோயாளி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டால், அழைப்பை எதிர்பாராமல் சென்று பார்த்து வருபவர். அப்படிப்பட்டவர் தம் உடன்பிறந்த தம்பியோடு எட்டு மாதங்களாகப் பேசவில்லை.

காரணம் புதிதன்று. தாயார் மறைந்தபின் சொந்த ஊரிலிருந்த பூர்வீக வீட்டைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கு. தம்பியைப் படிக்க வைத்தவர் அண்ணன். தாயாரை இறுதி இரண்டாண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் தம்பி. தாம் செய்த தியாகத்தை மற்றவர் மறந்துவிட்டார் என்பதே இருவருடைய மனக்குறையும். இப்போது தாயாரின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி நெருங்கி வருகிறது. ஒரே தாய்க்கு இரண்டு பிள்ளைகளும் தனித்தனியே பூசை வைக்கும் நிலை.

அன்பர் எழுதுகிறார்: "என்னுள் இருவர் இருக்கின்றனர். ஒருவன், 'போய்ப் பேசு' என்கிறான். மற்றவன், 'மூத்தவன் நீ ஏன் இறங்கிப் போக வேண்டும்?' என்கிறான். பீடத்தருகே நின்று வாசகம் வாசிப்பவன் நானா? காய்கறிச் சந்தையில் தம்பியைத் தொலைவில் கண்டதும் வேறு வழியாகத் திரும்பி நடந்தவன் நானா? இவர்களுள் எவன் உண்மை, எவன் வேடம்?"

இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. நம் எல்லாருடைய கேள்வி. ஆகவே இம்மாதம் இதனையே சிந்திப்போம்.

முதலில் அன்பர் வாழும் இடத்தையே சற்று நோக்குவோம். கே.கே. நகர் என்பது கலைஞர் கருணாநிதி நகர். அதனை ஒட்டி அமைந்திருப்பது எம்.ஜி.ஆர். நகர். அன்பரின் தம்பி குடியிருப்பது அங்குதான். இவ்விரு நகர்களின் பெயருக்குரியவர்களும் ஒருகாலத்தில் நெருங்கிய நண்பர்கள். 1950-ல் வெளிவந்த 'மந்திரிகுமாரி' திரைப்படத்தில் ஒருவர் உரையாடல் எழுத, மற்றவர் நடித்தார். 1972-ல் அரசியலில் பிரிந்தனர். தமிழகமே இரண்டு அணிகளாக நின்றது. ஆயினும் ஊரின் அமைப்பில் அவர்கள் பெயர்கள் இன்றும் அண்டை வீடுகளாகவே இருக்கின்றன. இந்த நகரில் குடியிருப்பவர் அந்த நகரின் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறார். இரண்டுக்கும் நடுவே மதில் எதுவும் இல்லை.

மனித மனமும் இப்படிப்பட்ட ஊர்தான். அதில் ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு பேட்டைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டு மற்றொன்றில் மட்டும் குடியிருப்போம் என்று நாம் பலமுறை தீர்மானிக்கிறோம். தவக்காலத்தில் தீர்மானித்ததைப் பாஸ்கு முடிந்த மறுவாரமே மறந்தும் விடுகிறோம். நன்மையை விரும்பியும் அதனைச் செய்யாமல், வெறுக்கின்ற தீமையையே செய்யும் தம் நிலையைப் புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அப்போஸ்தலருக்கே அந்தப் போராட்டம் இருந்ததென்றால் நமக்கு இருப்பதில் வியப்பு என்ன?

அப்படியானால் உள்ளே இருக்கும் அந்த மற்றவனை என்ன செய்வது? இதற்கு விடை தேடும்போது, கே.கே. நகருக்குச் சில கல் தொலைவிலுள்ள தியாகராய நகரில் வாழ்ந்த ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். முன்பு ஹென்ஸ்மன் சாலை என்று வழங்கப்பட்டு, இன்று கண்ணதாசன் சாலை என்று பெயர் பெற்றிருக்கும் தெருவில் வாழ்ந்த கவிஞர் கண்ணதாசன்தான் அவர்.

1927-ல் சிறுகூடல்பட்டியில் முத்தையா என்னும் பெயரோடு பிறந்து, 1981 அக்டோபர் 17-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மறைந்த அக்கவிஞரின் வாழ்வு முழுவதும் முரண்களே நிறைந்திருந்தன. கண்ணனின் அடிமை என்னும் பொருள் தரும் பெயரைச் சூடிக்கொண்டே, கடவுள் மறுப்புப் பேசிய இயக்க மேடைகளில் முழங்கினார். 1961-ல் தி.மு.க.வை விட்டு விலகினார். பிற்காலத்தில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதிய அதே கையால் இறுதிக் காலத்தில் 'இயேசு காவியமும்' பாடினார். திருச்சி கலைக்காவிரி வெளியிட்ட அந்நூல் நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கிறது. அவரிடம் மதுப்பழக்கம் இருந்தது. அன்புக்குரியவர்களைப் புகழ்வதிலும் பகைத்தவர்களைத் தாக்குவதிலும் அவர் அளவு பார்த்ததில்லை.

இப்படி ஒருவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினால் என்ன செய்திருப்பார்? நாமாக இருந்தால் நமக்கு ஆதரவாகச் சான்றுகளைத் திரட்டியிருப்போம். அவரோ 'வனவாசம்' என்னும் தம் நூலில் 'நான்' என்று எழுதாமல், தம்மையே 'அவன்' என்று எழுதினார். அவன் இன்ன ஊரில் பிறந்தான், அவன் இவ்வாறு ஏமாந்தான், அவன் இந்தத் தவற்றைச் செய்தான் என்ற முறையிலேயே அந்தக் கதை செல்கிறது. மற்றவர்களின் குறைகளையும் அவர் அதில் காரசாரமாகவே சொன்னார். ஆனால் தம் குறைகளுக்குத் திரை போடவில்லை.

'அவன்' என்னும் அச்சிறு சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'நான் செய்தேன்' என்று தொடங்கியவுடனே நம்முள் ஒரு வழக்கறிஞர் எழுந்து நிற்கிறார். 'ஆனால்', 'இருந்தாலும்', 'அன்றைய சூழ்நிலை அப்படி' என்று அவர் வாதாடத் தொடங்கிவிடுகிறார். அகந்தை என்பது மார்பை நிமிர்த்தி நடக்கும் செருக்கு மட்டுமன்று. நம் பிழைகளுக்கெல்லாம் கட்டணம் வாங்காமல் வாதாடும் இந்த உள்மன வழக்கறிஞரும் அகந்தையே. நம்மையே 'அவன்' என்று எட்ட நிறுத்திப் பார்க்கும்போது வழக்கறிஞருக்கு வேலையில்லாமற் போகிறது. அயலானைப் பார்ப்பது போல் நம்மைப் பார்க்கிறோம். பின்னர், 'அந்த அவன் வேறு எவனும் அல்லன், நான்தான்' என்று ஒப்புக்கொள்கிறோம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நாம் செய்யும் ஆன்ம சோதனையும் இதுதானே?

தம் குறைகள் அனைத்தையும் வென்றுவிட்டதாகக் கவிஞர் சொல்லிக்கொள்ளவில்லை. நாமும் அவரைப் புனிதராக்க முயலவில்லை. ஆயினும் குறையை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவருக்கு வேறொன்றும் எளிதாயிற்று. எம்.ஜி.ஆரை அரசியலில் கடுமையாகத் தாக்கி எழுதியவர் அவர். அதே எம்.ஜி.ஆர். முதலமைச்சரான பின், 1978-ல் அவரை அரசவைக் கவிஞராக்கினார், கவிஞரும் ஏற்றுக்கொண்டார். கொடுத்தவரும் தம் பழைய காயத்தைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. ஏற்றவரும் தம் பழைய சொற்களைச் சற்று விழுங்க வேண்டியிருந்தது. ஒருவர் மட்டும் இறங்கியிருந்தால் அது நடந்திராது.

நம் திருச்சபையின் வரலாற்றில் இவ்வழியில் முன்னோடியாக நிற்பவர் புனித அகுஸ்தீனார். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயராக இருந்தபோது, கி.பி. 400-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவர் தம் 'ஒப்புதல்கள்' நூலை எழுதினார். இளமையின் தவறுகளைச் சொன்னதற்காகவே அந்நூலைப் பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் பத்தாம் பகுதியை வாசித்தவர்களே அதன் துணிவை முழுதும் அறிவர். அங்கே அவர் பழைய கதை பேசவில்லை. ஆயரான பிறகும் தாம் எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்கிறார். மக்கள் தம்மைப் புகழ்வது இன்னும் தமக்கு இனிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். அது மட்டுமன்று, வீண்புகழை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டு, அந்த வெறுப்பையே பெருமையாகக் கொள்ளும் ஆபத்தும் உண்டு என்று எச்சரிக்கிறார். தாழ்ச்சி என்னும் போர்வைக்குள்ளும் அகந்தை புகுந்துகொள்ளும் என்பதை இதைவிட நுட்பமாக யார் சொல்ல முடியும்?

இங்கே ஓர் ஐயம் எழலாம். உள்ளே இருக்கும் தீய மனத்தோடு சமாதானம் செய்துகொள் என்றால், அதன் விருப்பப்படி நடந்துகொள் என்று பொருளா? இல்லை. அடங்காத பிள்ளையைப் பெற்ற தாய் அவனைத் தன் பிள்ளை இல்லையென்று சொல்வதில்லை. அதற்காக வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுப்பதுமில்லை. அவன் இருப்பதை அறிந்து, அவன் குணத்தை அறிந்து, அவனைக் கண்காணித்து வளர்க்கிறாள். நம் சினத்தையும் பொறாமையையும் பிடிவாதத்தையும் நாம் நடத்த வேண்டிய முறை அதுவே. இல்லையென்று மறைத்தால் அது பின்கதவு வழியாக வரும். பெரும்பாலும் நம் மனைவி மக்கள் மேல்தான் வந்து விழும்.

மற்றொரு தவறும் உண்டு. சினம் கொண்டுவிட்டோமே என்று நம்மீதே சினந்து, நாள்கணக்கில் மனம் புழுங்குகிறோம். அதனை மனத்துயர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 1609-ல் வெளிவந்த தம் பக்தி நூலில் புனித பிரான்சிஸ் சலேசியார் இதனை வேறாகக் காண்கிறார். நாம் குறையுள்ளவர்கள் என்பதைத் தாங்கிக்கொள்ள முடியாத தற்பெருமையே அதற்கு வேர் என்கிறார். விழுந்த இதயத்தைச் சாந்தமாகத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பதே அவர் அறிவுரை.

இனி நம் அன்பரின் கடிதத்துக்குத் திரும்புவோம். அதில் ஒரு செய்தியை நாம் இன்னும் சொல்லவில்லை. நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் தம்பியின் குறைகளே. அவர் எப்போது என்ன பேசினார், எந்தத் தாளில் கையெழுத்திட மறுத்தார் என்பவை நாள் கிழமையோடு வரிசையாக இருக்கின்றன. பின்னர் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கும் கீழே, சிறிய எழுத்தில், ஒரே ஒரு வரி: "கோபத்தில் நானும், 'அம்மாவை நீ வைத்துக்கொண்டதே வீட்டுக்காகத்தானே' என்று கேட்டுவிட்டேன்."

நண்பரே, வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நம் செயலை நாம் நம் நல்லெண்ணத்தால் நிறுக்கிறோம்; பிறர் செயலை அது நமக்குத் தந்த வலியால் நிறுக்கிறோம். ஆகவேதான் தம்பியின் குறைகளுக்கு மூன்றரைப் பக்கமும் உங்கள் சொல்லுக்கு ஒரே வரியும் கிடைத்தன. இரண்டாண்டுகள் இரவும் பகலும் தாயின் படுக்கையருகே இருந்த ஒருவரிடம் அந்தச் சொல் எத்தனை பக்கங்களை நிரப்பியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் அந்த வரியை எழுதியவரும் நீங்கள்தான். நீங்கள் விரும்பியிருந்தால் அதனை எழுதாமலேயே விட்டிருக்கலாம். உங்களுள் எவன் உண்மையானவன் என்று கேட்டீர்கள். இருவரும் உண்மையே. வாசகம் வாசிப்பவர் வேடதாரி அல்லர். சந்தையில் திரும்பி நடந்தவர் அயலாரும் அல்லர். இருவரையும் அறிந்தவராகக் கையெழுத்துக்குக் கீழே எழுதியவரிடமே இனி வீட்டுச் சாவி இருக்கட்டும்.

ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறோம். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின் அக்கடிதத்தை மீண்டும் எழுதுங்கள். நமக்கு அனுப்ப வேண்டாம். உங்களை 'அவன்' என்றே குறிப்பிடுங்கள். கையெழுத்துக்குக் கீழே இருந்த வரியை முதல் வரியாக வையுங்கள். அதன்பின் தம்பியின் குறைகளை எழுத எவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்று பாருங்கள்.

வீட்டுப் பங்கில் உங்களுக்கு நியாயம் இருக்கலாம். அதனை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதனைப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பங்கு கிடையாது. அது முழுவதும் உங்களுடையது. "தம்பி, அன்று நான் சொன்னது தவறு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பின்னால் 'ஆனால்' என்று தொடங்க வேண்டாம். தம்பி உடனே கதவைத் திறப்பார் என்று நாம் உறுதி கூற முடியாது. எட்டு மாதத்துக் காயம் ஒரே மாலையில் ஆறுவதில்லை. எனினும் கூற வேண்டியதைக் கூறியவர் நிம்மதியாக உறங்குவார்; மறுநாள் பீடத்தருகே நிற்கும்போது அவர் குரல் தடுமாறாது.

இதை வாசிக்கும் நம் குடும்பங்களிலும் கையெழுத்துக்குக் கீழே எழுதப்பட்ட வரிகள் உண்டு. மாமியாரிடம் சொன்ன ஒரு சொல், மகனை அடித்த ஓர் அடி, கணவரின் வருவாயை ஏளனம் செய்த ஒரு சிரிப்பு. அவற்றை மேலே கொண்டுவந்து முதல் வரியாக எழுதும் துணிவை ஆண்டவரிடம் கேட்போம்.

அன்பரே, உங்கள் தாயாரின் நினைவு நாளுக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கே.கே. நகரிலிருந்து எம்.ஜி.ஆர். நகருக்கு மூன்று வாரம் தேவையில்லை. சாலையைக் கடந்தால் போதும்.