களனும் காலமும் எச்சமும்

போர்க்காட்சிகளைச் சிற்றுருவில் அமைக்கும் கலையை மேலைநாட்டார் ‘டயோராமா’ என வழங்குவர். 1822ஆம் ஆண்டு பாரிசு நகரில் தகேர் என்பார் தாம் திறந்த ஒளிக்காட்சி அரங்கிற்கு இட்ட பெயர் அது. பிற்காலத்தே ஈயத்தாலும் களிமண்ணாலும் பிளாஸ்டிக்காலும் ஆகிய சிறு படைகளை நிலத்தோடு பொருத்திக் காட்டும் தொழிலுக்கு அப்பெயர் உரியதாயிற்று. இதனைச் சிறுவர் விளையாட்டென ஒதுக்குவார் நம்மிற் பலர். யான் அவரோடு உடன்படேன். கதை சொல்லும் போர்க்காட்சி உருவம் செய்யுளுக்கு உடன்பிறப்பு. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய 34 உறுப்புகளுள் களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், நோக்கு என்பன இதற்கும் உறுப்பாவன என்பது என் துணிபு.

நமக்கு இக்கலை முற்றும் புதிதன்று. கொலுப்படியின் அருகே கேழ்வரகை முளைக்க விட்டுப் புல்வெளி ஆக்குவதும், மார்கழியில் பாசியும் வைக்கோலும் பரப்பிப் பாலன் குடில் சமைப்பதும் இதன் இனமே. போர்க்களத்தைப் பற்றியே கேட்பின், பொய்கையாரின் களவழி நாற்பதைப் பாருங்கள். நாற்பது பாட்டும் ஒரே களத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காட்டுகின்றன. சண்டையின் வரலாற்றை முறைப்படுத்திச் சொல்லும் கவலை புலவர்க்கு இல்லை. சயங்கொண்டாரோ கலிங்கப் போரைத் தாமே நின்று உரையாமல், களத்தைக் கண்டு வந்த பேயின் வாயால் காளிக்கு உரைப்பித்தார். நம் தோட்டங்களில் காமன் கூத்துப் போலவே ஆடப்பெறும் பொன்னர் சங்கர் கதையில் படுகளம் என்னும் கட்டம் உண்டு. தமிழகத்தில் வீரப்பூரில் அக்கட்டத்தின்போது அன்பர்கள் மாண்டார் போலத் தரையிற் கிடப்பர். அசையாத உடல்கள், சுற்றி நிற்கும் மக்கள், ஒரு கணம். அதனை உயிருள்ள டயோராமா என்றாற் பிழையில்லை.

சிற்றுருவப் படைகளுள் பெரும்புகழ் பெற்றது வாட்டர்லூப் போர்க்களத்தின் உருவம். வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1830இல் அக்களத்துக்குச் சென்று, எட்டுத் திங்கள் தங்கி, மேடு பள்ளம் யாவும் அளந்தார். பின்னர்ப் போரில் நின்ற அலுவலர்க்கெல்லாம் மடல் விடுத்தார்: அன்று மாலை 7 மணியளவில் நும் படை எவ்விடத்து நின்றது? எதிரே நின்றவர் யாவர்? அருகே வயலில் என்ன பயிர் நின்றது? இம்மூன்றாம் வினாவை எண்ணி எண்ணி வியக்கின்றேன். முதல், கரு, உரி எனப் பாடம் நடத்தும் நம்மில் எத்துணைப் பேர், செய்யுளில் வரும் பயிர் யாது, அது எந்நிலையில் நின்றது என்று மாணாக்கனைக் கேட்டிருப்போம்?

அவ்வுருவம் 1838இல் இலண்டன் எகிப்திய மண்டபத்தில் மக்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய உருவங்கள் அதில் நின்றன. ஆயின் ஓர் இடர் நேர்ந்தது. மாலை 7 மணி என்னும் காலத்தைத் தேர்ந்தமையால், பிரசியப் படை களத்தினுள் ஆழப் புகுந்து நிற்பதைக் காட்ட வேண்டியதாயிற்று. வெற்றி முழுதும் ஆங்கிலேயருடையது என்று எண்ணியிருந்த வெலிங்டன் கோமகனுக்கும் அவரைச் சார்ந்தார்க்கும் அஃது உவப்பாகவில்லை. அரசு பொருளுதவியை முன்னரே நிறுத்திவிட்டது. சைபோர்ன் கடனில் மூழ்கினார். முடிவில் பிரசிய உருவங்கள் பலவற்றைக் களத்தினின்று நீக்கவும் செய்தார். இன்று அவ்வுருவம் இலண்டனிலுள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. கட்டைவிரல் நகத்தினும் சிறிய ஈயப் பொம்மைகளை எடுப்பதும் வைப்பதும் ஒரு நாட்டின் பெருமக்களைக் கலக்கியது என்றால், இதனை விளையாட்டென்பது எங்ஙனம்?

இனி நம் ஊவாவுக்கு வருவோம். பசறையிலிருந்து இலுணுகலை வழியே பிபிலை நோக்கிச் செல்லும் பாதையில் பேருந்து ஏறும் மாணாக்கர் எத்துணையோ பேர். அந்நிலப் பரப்பில்தான் 1817இல் ஊவா வெல்லசைக் கிளர்ச்சி எழுந்தது. பதுளையில் அதிகாரம் செலுத்திய வில்சன் என்னும் ஆங்கில அதிகாரி அவ்வாண்டு அக்டோபரில் கொல்லப்பட்டான். கிளர்ச்சியை அடக்க, ஊவாவின் திசாவையாகிய மொனரவில கெப்பெட்டிபொலவைத் தேசாதிபதி பிரவுன்றிக் அனுப்பினான். சென்றவர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். தமக்குத் தரப்பட்ட துப்பாக்கிகளையும் மருந்தையும் தேசாதிபதிக்கே திருப்பி அனுப்பினார் என்பது வழிவழி வரும் செய்தி. 1818 நவம்பரில் கண்டியில் அவர் தலை துணிக்கப்பட்டது. அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1954இல்தான் திரும்பி வந்தது. இடையில் ஊவாவின் ஊர்கள் எரிக்கப்பட்டன. தானியமும் கால்நடையும் அழிக்கப்பட்டன. கிளர்ச்சி அடங்கியபின் இப்பகுதியிற் பயணம் செய்த மருத்துவர் ஜான் டேவி 1821இல் வெளியிட்ட நூலில், நாட்டு மக்களின் இழப்பு ஒருவேளை பதினாயிரம் இருக்கலாம் என மதித்தார்.

கண்காட்சி ஒன்றுக்காக இந்நிகழ்ச்சியை உருவமாக்க மாணாக்கர் சிலர் முனைந்தனர். நமுனுகுலை மலையைச் சாக்கும் பசையும் கொண்டு எழுப்பி, அதன் சரிவெல்லாம் தேயிலைச் செடி நட்டிருந்தனர். தேயிலை இந்நாட்டில் தோட்டப் பயிரானது 1867இல். 1817இல் இங்கே காடும் சேனையும் வயலுமே இருந்தன என்றேன். செடிகளைப் பிடுங்கத் தொடங்கிய சிறுவன் ஒருவன் கேட்டான்: “அப்படியென்றால் ஐயா, இதில் நம்ம ஆட்கள் எங்கே?”

இக்கேள்வியை எளிதில் கடந்துவிட ஒண்ணாது. தேயிலை இல்லாத மலையில் தனக்கு இடமில்லை என்று ஒரு தோட்டத்துச் சிறுவன் கருதுகிறான்! ஆயின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. கிளர்ச்சியாளர் அரசனாக உயர்த்திய வில்பாவே என்பவன் தன்னைத் துரைசாமி என்று, வேலூருக்கு நாடு கடத்தப்பட்ட நாயக்க மன்னனின் உறவினன் என்று கூறிக்கொண்டவன். அப்பெயருக்கு ஊவாச் சிங்கள மக்கள் திரண்டனர். எதிர்ப்பக்கத்திலோ, 1818இல் சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்ப் படைகள் தருவிக்கப்பட்டன. மலாயரும் ஆப்பிரிக்கரும் ஆங்கிலேயர் அணியில் இருந்தனர். அச்சிப்பாய்களுள் தமிழ் பேசுவோர் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. எனவே நம்மவர் இரு பக்கத்தும் நின்றனர்: ஒரு பக்கம் பெயராக, மறுபக்கம் கூலிப் படையாக. இதனை மாணாக்கனிடம் மறைத்து, அவனைப் பார்வையாளனாக மட்டும் நிறுத்துவது தகாது என்பேன்.

இனி, எக்கணத்தை அமைப்பது? பெரும்பாலார் கைகலப்பையே தேர்வர். வாள் ஓங்கிய கை, சாய்ந்த உடல், சிவப்பு மை. அங்கே கதை இல்லை, ஆரவாரமே உண்டு. துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பும் கணமே சிறந்தது என்பது என் கருத்து. கட்டிவைத்த துப்பாக்கிகள் நடுவே கிடக்க வேண்டும். சுமப்போர் இருவர் குனிந்து நிற்க, திசாவையின் முகம் துப்பாக்கியை நோக்காமல் வேறெங்கோ நோக்க வேண்டும். அவருடைய ஆட்களுள் ஒருவனாவது கலங்கி நிற்கட்டும். நல்ல ஆயுதத்தை ஏன் திருப்பித் தருகிறார் என்று நினையாத வீரன் உண்டோ? இது மெய்ப்பாடு. பின்னே ஓர் ஊர், கூரை கெடாமல், அடுப்புப் புகையோடு இருக்கட்டும். அடுத்த ஆண்டு அவ்வூர் என்னாகும் என்பதைக் காண்பவன் அறிவான். உருவத்தில் அது இல்லை. இது எச்சம். பொம்மைகள் ஒவ்வொன்றும் முகம் திருப்பும் திசையால் கண்ணை மீட்டும் அக்கட்டின்மேற் கொண்டுவந்து நிறுத்துவது நோக்கு. அமெரிக்க நாட்டுச் செப் பெய்ன் என்பார் இத்தொழிலைக் கற்பித்து நூலெழுதிப் பெயர் பெற்றவர். இக்கலையின் உயிர் கதையே என்று வற்புறுத்தியவர் அவர். செய்யுளியல் படித்த நம் மாணாக்கர்க்கு அவர் நூலில் புதுமை மிகுதியாக இராது.

போர் கண்டு நொந்த நாட்டில் பிள்ளைகள் கையில் போர்ப் பொம்மை வேண்டுமா என என் மூத்த நண்பர் ஒருவர் கடிந்தார். 2009இல் முடிந்த போரை நினைந்தே அவர் பேசினார். அவர் வருத்தம் பொய்யன்று. ஆனால் துப்பாக்கி பிள்ளைகள் கண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. திரையில் நாள்தோறும் சுட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே யாரும் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. வென்றவன் கட்டிய நினைவுச் சின்னங்களுக்கும் யான் சொல்லும் உருவத்துக்கும் உள்ள வேறுபாடு, இதில் வெற்றி இல்லை என்பதே. ஒரு மேசையளவு பலகையில், தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் சேர்ந்து அமைத்தால், யார் எங்கே நின்றார் என்று இருவரும் வாதிட்டே தீர வேண்டும். சைபோர்னுக்கு வந்த வழக்கு அவர்களுக்கும் வரும். வரட்டுமே. பொம்மையை எடுத்து வைப்பவன் சான்று காட்டட்டும்.

கடையில் விற்கும் விலையுயர்ந்த பெட்டிகள் இதற்கு வேண்டா. அவற்றில் கண்டிப் படையும் கிடையாது. ஓராள் உருவம் இரண்டங்குலத்துக்குச் சற்று மேல் இருந்தால் முகம் தெரியும். புற்றுமண் பிசைந்து உடல் செய்யலாம். கமுகம் பாளை கூரையாகும். பட்டுப்போன தேயிலைத் தூரைக் கவிழ்த்தால் பாறையும் வேருமாய் ஓடைக்கரை தானே அமைந்துவிடும். ஒன்பது பத்து உருவங்கள் போதும். அடியில் ஒட்டும் சீட்டில் இரு மொழியிலும் ஊவா, 1817 என்று மட்டும் எழுதுக. கதையைச் சீட்டில் எழுத நேர்ந்தால் உருவத்தை மீண்டும் பிரித்துச் செய்ய வேண்டியதுதான்.