வேகமும் வெப்பமும்

மின்சார வித்தை பயிலும் நம் மாணவர் பலரிடம் ஒரு தவறான ஆசை வேரூன்றியிருக்கக் காண்கிறோம். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகத் தாழ்த்தும் பக் கன்வர்ட்டர் ஒன்றை அமைக்கப் புகுவோர், அதன் டிரான்சிஸ்டர் எத்துணை விரைவாக மின்வழியை இணைத்துத் துண்டிக்கிறதோ அத்துணைச் சிறப்பென்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. பாதி உண்மையோ முழுப் பொய்யினும் கேடு விளைக்க வல்லது.

உண்மையான பாதி யாதெனின், வேகம் மிகுந்தால் சுருள் சிறுக்கும் என்பதாம். 2 ஆம்பியர் தரும் கருவியொன்றில், சுருளிலோடும் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வை 0.6 ஆம்பியருக்குள் அடக்க வேண்டின், நொடிக்கு 1 லட்சம் முறையாயின் ஏறக்குறைய 49 மைக்ரோஹென்றி தேவை. 5 லட்சமாயின் 10 போதும். 20 லட்சமாயின் இரண்டரையே அமையும்.

மறைந்து நிற்கும் மற்றைப் பாதி வெப்பமாகும். இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் ஒரு கணம் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருங்கே டிரான்சிஸ்டரைத் தாக்குகின்றன. அக்கணங்கள் இரண்டும் சேர்ந்து 40 நானோசெகண்டு எனக் கொள்வோமாயின், இவ்வகை இழப்பு 1 லட்சத்தில் 0.05 வாட்டும், 5 லட்சத்தில் 0.24 வாட்டும், 20 லட்சத்தில் 0.96 வாட்டும் ஆகும். மின்னோட்டம் செல்லும் வழியின் தடையால் விளையும் இழப்பு வேறு. அதனை எவ்வேகத்திலும் 0.4 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

இனி, வாட் ஒன்றுக்கு 60 டிகிரி வீதம் சூடேறும் சில்லு ஒன்றை எடுத்துக்கொள்க. மின்விசிறியின் கீழ், 25 டிகிரி அறையில், 20 லட்சம் வேகத்திலும் அது 107 டிகிரியோடு நிற்கும். பல சில்லுகளுக்கு எல்லை 125 டிகிரியாதலின், மாணவரும் தேறினார், கருவியும் தேறிற்று! அதே கருவியை வெயிலிற் காயும் தகரப் பெட்டிக்குள் அடைத்தால், உள்ளிருக்கும் காற்றே 60 டிகிரியாகுமிடத்து, சில்லு 142 டிகிரியை எட்டிவிடும். வெப்பம் ஏற ஏற டிரான்சிஸ்டரின் தடையும் ஏறுமாதலால், உண்மை நிலை இதனினும் கொடிது. 5 லட்சத்திலோ 98 டிகிரியோடு நின்று பிழைத்துக்கொள்ளும். 1 லட்சத்திற்கு இறங்கினால் மேலும் 11 டிகிரியே குறையும். அதன்பொருட்டு ஐந்து மடங்கு சுருளைச் சுமத்தல் அறிவுடைமையன்று.

மோட்டார் வண்டிக் கருவிகள் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட வேகத்தில் இயங்கவில்லையோ என்பார் உளர். இயங்குகின்றன; மத்திய அலை வானொலியிற் குறுக்கிடாதிருத்தற் பொருட்டு அவ்வேகம் கொள்ளப்படுகிறது. அவ்வமைப்போர் விரைந்து மாறும் டிரான்சிஸ்டரும், வெப்பம் பரவுதற்கு அகன்ற செம்புப் பரப்பும் இட்டு அதற்குரிய விலையைக் கொடுத்துவிடுகின்றனர். காரணமும் விலையும் இன்றி வேகத்தை மாத்திரம் கடன் வாங்குதலையே யாம் மறுக்கின்றோம்.

கோபுரங் கட்டப் புகுவோன் முன்னரே உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் உவமையை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். இங்கே செலவென்பது வெப்பம். ஆதலின், கருவி வாழப்போகும் இடத்தின் சூட்டை முதலில் அறிக. தாங்கும் எல்லையினின்று அதனைக் கழிக்க. எஞ்சியதில் ஒரு பகுதியைக் காப்பாக ஒதுக்கியபின் வேகத்தைத் தேர்க. ஆய்வுச்சாலையிலும் மூடிய பெட்டிக்குள் ஒரு மணி நேரம் ஓடாத கருவிக்கு மதிப்பெண் வழங்கலாகாது என்பது எமது துணிபு. கருவியை நம்பி வாங்குவோன் மின்விசிறியையும் உடன் வாங்குவதில்லையன்றோ!