டாலருக்கு விலைபேசப்படும் மருத்துவ இடங்கள்

நீட் தேர்வின் முடிவு வெளியானதும் வசதி படைத்த பல குடும்பங்களில் உறவுமுறை தேடும் படலம் தொடங்கிவிடுகிறது. கனடாவில் குடியேறிய ஒன்றுவிட்ட அண்ணன், துபாயில் தொழில் நடத்தும் மாமா, அமெரிக்காவில் வாழும் சித்தி என்று யாராவது ஒருவர் கிடைத்தால் போதும். மாணவர் பிறந்ததும் வளர்ந்ததும் படித்ததும் இந்தியாவில்தான். பெற்றோரும் இங்கேயே வாழ்கின்றனர். ஆயினும் வெளிநாட்டு உறவினர் படிப்புச் செலவை ஏற்பதாகப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்து, தூதரகச் சான்றிதழையும் தமது வங்கிக் கணக்கின் நகலையும் இணைத்துவிட்டால், அந்த மாணவர் ‘வெளிநாடுவாழ் இந்தியர்’ ஒதுக்கீட்டுக்கு உரியவராகிவிடுகிறார். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கான கலந்தாய்வில், இந்தியர் என்று பதிவு செய்தவர் இந்த ஆவணங்களை அனுப்பித் தமது வகையை மாற்றிக்கொள்ள வழியே வகுக்கப்பட்டுள்ளது.

இந்த ஏற்பாட்டை மேலும் விரிவாக்கவே பஞ்சாபின் ஆம் ஆத்மி அரசு முயன்றது. மாமா, அத்தை, தாத்தா, பாட்டி, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் ஆகியோரின் பொறுப்பில் வரும் மாணவர்களையும் இந்த ஒதுக்கீட்டில் சேர்த்து 2024 ஆகஸ்ட் 20 அன்று அது அறிவிக்கை வெளியிட்டது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு செய்தபோது, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2024 செப்டம்பர் 24 அன்று அதனைத் தள்ளுபடி செய்தது. இது அப்பட்டமான மோசடி, பணம் கறக்கும் இயந்திரம் என்று அமர்வு சாடியது. இவர்களைவிட மூன்று மடங்கு மதிப்பெண் பெற்றவர்கள் வெளியே நிற்க நேரிடும் என்றும் அது சுட்டிக்காட்டியது.

தீர்ப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் அது அடைத்தது ஒரு வாசலை மட்டுமே. பெருங்கதவு திறந்தே கிடக்கிறது. அதைத் திறந்துவைத்ததும் உச்ச நீதிமன்றமேதான்.

2005 ஆகஸ்ட் 12 அன்று இனாம்தார் வழக்கில் 7 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அரசு உதவி பெறாத தனியார் தொழிற்கல்வி நிறுவனங்கள் மீது அரசு தனது இடஒதுக்கீட்டுக் கொள்கையைத் திணிக்க முடியாது என்று அது கூறியது. அதாவது தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு அங்கே உரிமையில்லை. அதே தீர்ப்புதான் அதே நிறுவனங்களில் 15 சதவீத இடங்களை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. நூற்றாண்டுகளாகக் கல்வி மறுக்கப்பட்டவனின் கோரிக்கை தனியார் நிர்வாகத்தின் உரிமைக்கு இடையூறாகத் தெரிந்தது. டாலர் கொண்டுவருபவனின் கோரிக்கை நியாயமாகத் தெரிந்தது.

முதல் அநீதியைத் திருத்த நாடாளுமன்றம் 93ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் 15(5) பிரிவைச் சேர்த்தது. தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது. ஆனாலும் தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை. பணம் படைத்தோரின் 15 சதவீதத்துக்கோ அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. அது ஒரு நாள்கூடத் தடைபடவில்லை.

இனாம்தார் தீர்ப்பு விதித்த நிபந்தனைகளாவது காக்கப்பட்டனவா? உண்மையான வெளிநாடுவாழ் இந்தியர்களின் பிள்ளைகளுக்கும் அவர்தம் பராமரிப்பில் உள்ளோருக்கும் மட்டுமே இடம். தகுதி முற்றாகப் புறக்கணிக்கப்படக் கூடாது. வசூலாகும் தொகை நலிந்த பிரிவு மாணவர்களின் படிப்புக்கு உதவ வேண்டும் என்பவை அந்த நிபந்தனைகள். இவற்றுள் ‘பராமரிப்பு’ என்னும் சொல்லைத்தான் தனியார் நிர்வாகங்கள் இறுகப் பற்றிக்கொண்டன. சேர்க்கைக்காக ஒரே நாளில் ஏற்படும் பராமரிப்பு, கட்டணம் கட்டியதும் முடிந்துவிடுகிறது. மூன்றாவது நிபந்தனையை நடைமுறைப்படுத்த முயன்ற மாநிலம் கேரளம். இந்த ஒதுக்கீட்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியை வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மாணவர்களின் கல்வி உதவிக்கான நிதியமாக்க அங்கு ஏற்பாடு செய்யப்பட்டது. அதை எதிர்த்துத் தனியார் நிர்வாகங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அதிகக் கட்டணம் ஏழை மாணவர்களுக்கு உதவுகிறது என்ற வாதத்தின் மெய்யான மதிப்பு இவ்வளவுதான்.

தகுதியின் கதையோ இன்னும் வெளிப்படையானது. 2024 நீட் தேர்வை எழுதியோர் 23 லட்சத்துக்கும் அதிகம். பொதுப்பிரிவில் தகுதி பெற 720க்கு 162 மதிப்பெண் போதுமானதாக இருந்தது. தகுதி பெற்றோர் 13 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். தகுதி பெற்றோரில் யார் மருத்துவர் ஆவது என்பதைக் கணிசமான அளவுக்குத் தீர்மானிப்பது பணப்பை. 600 மதிப்பெண் பெற்ற ஏழை மாணவி தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டுத் திரும்பிவிடுகிறாள். அவளில் பாதி மதிப்பெண்கூடப் பெறாதவர் டாலரில் கட்டணம் செலுத்தி உள்ளே செல்கிறார். பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதாவை எந்தத் ‘தகுதி’யின் பெயரால் 2017இல் நாடு இழந்ததோ, அதே தகுதி இங்கே வாய்மூடி நிற்கிறது.

இந்த வாணிபத்தில் ஆளும் வர்க்கக் கட்சிகளிடையே கொடி வேறுபாடு கிடையாது. பாஜக ஆளும் குஜராத்தில் அரசு நிறுவிய சங்கத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகளிலும் 15 சதவீத இடங்கள் இவ்வாறு ஒதுக்கப்படுகின்றன. ராஜஸ்தானில் காங்கிரசும் பாஜகவும் மாறிமாறி ஆண்டபோதும், அரசுச் சங்கத்தின் கல்லூரிகளில் இதே நிலைதான். கர்நாடகத்தின் காங்கிரஸ் அரசு, அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இத்தகைய கூடுதல் இடங்களை உருவாக்க 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்திடம் அனுமதி கோரியது. தனியாருக்கான சலுகை என்று தொடங்கியது, மக்கள் வரிப்பணத்தில் எழுந்த கல்லூரிகளுக்குள் நுழைந்துவிட்டது. கருவூலத்திலிருந்து தர வேண்டிய நிதியை வெட்டிவிட்டு, அந்தப் பள்ளத்தை மாணவர் இடங்களை விற்று நிரப்புவதே இதன் பொருள்.

விலை வைக்கப்பட்ட இடத்தைச் சுற்றித் தரகர்கள் மொய்ப்பது இயல்பு. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2024 சேர்க்கையின்போது போலித் தூதரகச் சான்றிதழ்கள் பிடிபட்டன. மேற்கு வங்கத்தில் போலி ஆவணங்கள் தொடர்பாகத் தனியார் கல்லூரிகளில் மத்திய முகமைகளே சோதனை நடத்தின. சில மாணவர்களின் சேர்க்கையை ரத்து செய்வதோடு இத்தகைய விவகாரங்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகின்றன. சான்றிதழைத் தயாரித்த தரகரும், கண்டும் காணாமல் கட்டணம் பெற்ற நிர்வாகமும் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குத் தயாராகிவிடுகின்றனர்.

இதில் மிகக் கொடிய நகைமுரண் ஒன்று உண்டு. வளைகுடா நாடுகளில் 80 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் வாழ்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள், ஓட்டுநர்கள், வீட்டுப் பணியாளர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கடன்பட்டுச் சென்று, கொளுத்தும் வெயிலில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புவோர் இவர்கள். ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கும் அதிகமாக இந்தியாவுக்கு வந்துசேரும் பணத்தில் இவர்களின் வியர்வையும் கலந்திருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இவர்களும் வெளிநாடுவாழ் இந்தியர்களே. ஆனால் தொழிலாளர் முகாமின் அடுக்குக் கட்டிலில் உறங்கும் ஒருவரின் மகளுக்கு இந்த ஒதுக்கீட்டால் ஓர் இடமும் கிடைக்கப்போவதில்லை. அவருடைய பெயரைச் சொல்லி உருவான இடத்தை, உள்ளூர்ச் செல்வந்தரின் பிள்ளை தூரத்து உறவினரின் கையெழுத்தைக் காட்டி எடுத்துக்கொள்கிறது. எனவே இது வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடே அல்ல. 1992இல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்த கட்டாய நன்கொடையே பெயர் மாற்றிக்கொண்டு ரசீதோடு திரும்பி வந்திருக்கிறது.

இதன் விளைவு மருத்துவமனை வாயில் வரை நீள்கிறது. பெருந்தொகையை முதலீடாகப் போட்டுப் பட்டம் பெறுபவர் கிராமத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தை நாடுவது அரிது. போட்ட பணத்தை மீட்கும் கணக்கு நோயாளியின் பரிசோதனைச் சீட்டிலிருந்து தொடங்குகிறது. கல்வி வணிகமும் மருத்துவ வணிகமும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள்.

உறவினரின் பொறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பெறும் சேர்க்கை நாடு முழுவதும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உட்பட, உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். அரசுக் கல்லூரிகளிலும் அரசுச் சங்கங்களின் கல்லூரிகளிலும் இந்த ஒதுக்கீடு அறவே ஒழிக்கப்பட வேண்டும். தனியார் கல்லூரிகளின் அனைத்து இடங்களுக்கும் கட்டணக் கட்டுப்பாடும், 15(5) பிரிவின்படி இடஒதுக்கீடும் சட்டமாக வேண்டும். அனைத்துக்கும் மேலாக, மாவட்டந்தோறும் அரசு மருத்துவக் கல்லூரிகளை அரசின் சொந்த நிதியில் அமைத்து நடத்த வேண்டும். பஞ்சாபின் அறிவிக்கையை வீழ்த்த ஒரு வழக்கு போதுமானதாக இருந்தது. அதன் பின்னே நிற்கும் கொள்கையை வீழ்த்த நீதிமன்றப் படிகள் மட்டும் போதா. மாணவர், இளைஞர் இயக்கங்கள் கல்லூரி வாயில்களிலும், உழைக்கும் மக்களின் அமைப்புகள் வீதிகளிலும் இக்கோரிக்கைகளை முழங்க வேண்டும். அயல்நாட்டில் உழைப்பவரின் மகளும் உள்ளூரில் மூட்டை தூக்குபவரின் மகளும் வகுப்பறையில் அருகருகே அமரும் நாளுக்கான போராட்டம் அது.