பாதப் புண்ணும் படம் பார்க்கும் செயலியும்

பனியன் கம்பெனியில் நாள் முழுதும் நின்று பணியாற்றும் கட்டிங் மாஸ்டர் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கொள்ளுங்கள். அடிப்பாதத்தில் புண், ஆனால் வலியில்லை. நரம்பு மரத்த காலில் வலி எங்கிருந்து வரும்? வலிக்காத புண்ணே மிகவும் அஞ்சத்தக்கது.

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூர்க் கல்லூரியும் ஒன்று. அங்குப் பயிலும் பிள்ளைகள் இத்தகைய பாதங்களை நிறையவே காண்பார்கள்.

புண்ணை இனங்காணக் கற்பிக்க இன்று கைப்பேசிச் செயலிகள் வந்துள்ளன. படமெடுத்துக் கொடுத்தால், சிவந்த புதுச்சதை எது, மஞ்சள் நிற அழுகல் எது, கருகி இறந்த சதை எது எனப் பிரித்துக் காட்டும். மாணவர் முதலில் தம் கணிப்பைக் கூறிவிட்டுப் பின்னர் செயலியின் விடையோடு ஒப்பிடலாம். நூறு நோயாளிகள் வரும்வரை காத்திராமல் நூறு புண்களைக் காணலாம். பயனுள்ள ஏற்பாடுதான்.

ஆனால், அந்தச் செயலி எவருடைய பாதங்களைப் பார்த்துப் படித்தது? இத்துறையில் 2020இல் நடந்த ஆய்வுப் போட்டிக்குத் தரப்பட்ட 4,000 படங்கள் இங்கிலாந்தின் லங்காஷயர் மருத்துவமனைகளில் எடுக்கப்பட்டவை. வெண்தோலில் அழற்சி செக்கச் சிவந்து தெரியும். நம் தோலிலோ ஊதாவாகவோ வெறும் கருமையாகவோ தோன்றும். பாடநூல்களிலும் இதே குறைதான். அவ்வாண்டிலேயே லண்டனில் மலோன் முகுவெண்டே என்பவர், கருந்தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்று விளக்கும் கையேட்டைத் தம் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து வெளியிட்டார். அவர் அப்போது மருத்துவ மாணவர் என்பதைக் கவனியுங்கள்!

படத்தில் நாற்றம் வராது, சூடு தெரியாது. முனை மழுங்கிய கம்பியைப் புண்ணுள் மெல்லச் செலுத்தி, எலும்பு தட்டுப்படுகிறதா என்று மருத்துவர் பார்ப்பாரே, அதையும் செயலி செய்யாது. பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்றறிய, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றை ஊன்றிப் பார்ப்பார்கள். நூலை நம்பி வாழும் ஊருக்கு இழையின் அருமையைச் சொல்லவா வேண்டும்? இவற்றையெல்லாம் ஆசிரியர் அருகிருந்து, மாணவரின் கையைப் பிடித்துத்தான் பழக்க வேண்டும்.

நம் தோலில் புண் எப்படியிருக்கும் என்று செயலி அறிய, நம் பாதங்களின் படங்களும் அதற்கு வேண்டும். நாளை உங்கள் வாப்பாவின் காலைப் படமெடுக்க ஒரு மாணவர் அனுமதி கேட்டால், கூச்சத்தால் மறுத்துவிடாதீர்கள். முகமும் பெயரும் அதில் இடம்பெறுமா, படம் யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்று கேளுங்கள். தெளிவான விடை கிடைத்தபின் சம்மதியுங்கள்.